பல்லக்காவும் பதினாறாவது குழியும்

கோல்ஃப் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவளுக்கு முன்பற்கள் இரண்டு போயின. புதருக்குள் குனிந்து பந்து தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அதே நேரம் யாரோ அடித்த பந்து நேராக வாயில் வந்து இறங்கியது. அவள் விழவில்லை, உட்காரக்கூட இல்லை. ரத்தத்தைத் துப்பினாள், பற்களும் சேர்ந்து விழுந்தன. அடித்தவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வி:

"பந்து எந்தப் பக்கம் தெறிச்சுது?"

அவள் கையைக் காட்டினாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, "நல்ல இடத்துலதான் கிடக்கு" என்று திருப்தியாகச் சொன்னார்.

பல் கட்டும்போது எஃகில் கட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தால் வெயிலில் பளிச்சென்று மின்னும். அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. கோல்ஃப் ஆட வரும் துரைமார்களுக்கு அவள் பல்லு, கூட வேலை பார்ப்பவர்களுக்குப் பல்லக்கா.

ஆட்டக்காரர்களின் மட்டைப்பையைத் தோளில் சுமந்து, பந்து போகும் இடத்தைப் பார்த்துச் சொல்லி, கேட்ட மட்டையை எடுத்து நீட்டுவது அவள் வேலை. அந்த வேலை செய்பவர்களுக்குக் கேடி என்று பெயர். அதை வைத்து அவர்களுக்குள் ஓயாத கிண்டல். "வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?" என்று புதிதாக யாராவது கேட்டால், அவள் கணவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அவ ஒரு கேடிங்க" என்பார். கேட்டவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்.

கணவர் அதே மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டினார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு உடம்பு, ஆனால் ரத்தத்தைக் கண்டால் ஆள் சாய்ந்துவிடுவார். பல் போன அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் அவரைக் கிடத்தி, நர்ஸ் அவருக்குத்தான் முதலில் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

அந்த மைதானம் ஒரு முரட்டு மைதானம். அதை வரைந்தவர் ராணுவத்தில் பாலங்களைத் தகர்க்கும் வேலையில் இருந்தவர் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, பந்தைக் கொண்டுபோய் விழவைக்க வேண்டிய பதினெட்டுக் குழிகளிலும் அந்தப் புத்தி தெரிந்தது. இரண்டாவது குழிக்கு முன்னால் ஆளை விழுங்கும் ஆழத்தில் ஒரு மணல் பள்ளம். இறங்கியவரின் தலை வெளியே தெரியாது. மணல் மட்டும் பொங்கிப் பொங்கி மேலே வரும், கூடவே கெட்ட வார்த்தையும் வரும். ஏழாவது குழிக்குக் கேடிகள் வைத்த பெயர் மாமியார். நடுவில் அடித்தாலும் குற்றம், ஓரத்தில் அடித்தாலும் குற்றம். எங்கே விழுந்த பந்தையும் அந்தச் சரிவு மெதுவாக உருட்டிக்கொண்டு போய்ச் சதுப்பில் தள்ளிவிடும். பன்னிரண்டாவது குழியின் இரண்டு பக்கமும் முட்புதர். பந்தைத் தேடி உள்ளே போன ஒரு வழக்கறிஞர் சட்டையில்லாமல் வெளியே வந்தார்.

இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்களைப் பதினாறாவது குழி முடித்துவிடும். அதற்குப் பெயர் வாய்.

கடல் கரையைக் கடித்துக் குடைந்த ஒரு பிளவு அங்கே இருந்தது. பிளவின் இந்தப் பக்கப் பாறையில் நின்று அடிக்க வேண்டும். கொடி நட்ட புல்தரை அந்தப் பக்கப் பாறையின் தலையில் இருந்தது. நடுவில் தரை என்று எதுவும் கிடையாது, கீழே அலை பாறையில் மோதிக் குமுறிக்கொண்டிருக்கும். பந்து ஒரே அடியில் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும், அதுவும் முகத்தில் அறைகிற காற்றை எதிர்த்து. கொஞ்சம் குறைந்தால் பாறைச் சுவரில் பட்டுக் கீழே விழும். கூடினால் புல்தரையைத் தாண்டிப் பின்னாலிருக்கும் கற்குவியலில் சிதறும். பெரிய பெரிய மைதானங்களில் ஆடி வந்தவர்கள்கூட அந்தப் பாறை மேடையில் நின்று எச்சில் விழுங்குவதை அவள் பார்த்திருக்கிறாள்.

தோற்றவர்கள் செய்வதையும் பார்த்திருக்கிறாள். ஒருவர் அறிவிப்புப் பலகையைக் குத்திக் கை எலும்பை உடைத்துக்கொண்டார். இன்னொருவர் மொத்த மட்டைப்பையையும் தூக்கிக் கடலில் வீசிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பாதி வழியில்தான் கார்ச்சாவி அதற்குள் இருந்தது ஞாபகம் வந்தது. மாமனாரும் மருமகனும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு உருண்டதும் அங்கேதான். அவள் ஓரமாக நின்று மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அடி அவளுக்குப் புதிதல்ல. அவள் அப்பா லாரி மெக்கானிக், கையில் ஸ்பேனர் இருக்கும்போது கோபம் வந்தால் ஸ்பேனரைத்தான் வீசுவார். எப்போது வீசப்போகிறார் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். கை ஓங்குவதற்கு முன்பே தோள் கொஞ்சம் பின்னால் போகும். அதைப் பார்த்துவிட்டு விலகிக்கொள்ளப் பழகியிருந்தாள். அப்படி வளர்ந்தவள் வாழ்க்கையில் யார் மேலும் கை வைத்ததில்லை. அவளுக்குக் கோபமே வராது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதை நம்பியிருந்தாள்.

அவள் வருஷக்கணக்காகப் பை சுமந்தது ஒரு கூரை ஓட்டுத் தொழிற்சாலை முதலாளிக்கு. கிளப்புக்கு அவர்தான் தலைவர். அவருக்கு ஒரு தம்பி, தொழிற்சாலையிலும் அண்ணனுக்குக் கீழேதான். கேடிகள் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றார்கள். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

மைதானத்துக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, புல்லுக்குப் பராமரிப்பு நடக்கும் நாள். வேறு யாருக்கும் அனுமதியில்லாத அந்த நாளில் அண்ணனும் தம்பியும் மட்டும் ஆடுவார்கள். பெரியவரின் பையை அவள் சுமப்பாள். சின்னவர் தன் பையைத் தானே தூக்கிக்கொள்வார். அண்ணன் ஒருமுறைகூடத் தம்பியிடம் தோற்றதில்லை. அது எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஆட்டம் சமமாக வந்துவிட்டால், பதினாறில் சின்னவர் பந்தைக் கடலுக்குக் கொடுத்துவிடுவார். கொஞ்சம் கையைத் தளர்த்தினால் போதும், மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

"சின்ன சார், வேணும்னேதானே அடிச்சீங்க?" என்று ஒருமுறை தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சும்மா இரு பல்லு. அவன் ஜெயிச்சா வாரம் பூரா தொழிற்சாலையில நிம்மதி. நான் ஜெயிச்சா அத்தனை பேருக்கும் அடி விழும்."

அப்படி ஒரு விடுமுறை நாளில் ஆட வந்தபோது சின்னவரின் இடது கன்னம் சிவந்து, விரல் பதிந்த அடையாளத்தோடு இருந்தது. காலையில் ஏதோ ஓடு உடைந்ததற்காக அண்ணன் அவரைத் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அறைந்திருந்தார். அவரே அவளிடம் சொன்னார்.

"என் பொண்ணு அங்க நின்னுட்டு இருந்தா. அவளும் பார்த்துட்டா."

அதற்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டமே வேறு. மாமியாரைத் தாண்டினார், முட்புதரைத் தாண்டினார், அடித்த பந்தெல்லாம் நூல் பிடித்த மாதிரி போனது. பெரியவரின் கழுத்து நரம்பு ஒவ்வொரு குழிக்கும் தடித்துக்கொண்டே வந்தது. வழியிலிருந்த இன்னொரு மணல் பள்ளத்தில் மூன்று அடி வீணாக்கிவிட்டு, மேலே ஏறி வந்தவர் கையிலிருந்த மட்டையை அவள் காலடியில் குத்தினார்.

"தரித்திரம். நீ நிக்கிற இடத்துலதான் என் பந்து போய் விழுது."

"தள்ளி நிக்கிறேன் சார்."

மணலில் விட்டது போக மற்ற குழிகளில் பெரியவரும் ஈடுகொடுத்திருந்தார்; பதினாறுக்கு வந்தபோது ஆட்டம் சமம். வெயில் உச்சியில் நின்றது. காற்று கடலிலிருந்து அள்ளி அள்ளி வீசியது. தூரத்தில், மேட்டுக்கு அப்பால், அவள் கணவரின் வண்டி புல் வெட்டும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

பெரியவர் அடித்தார். பந்து எழும்பி, நடுவானில் தயங்கி, கடலுக்குள் போனது. கையை நீட்டினார். அவள் இன்னொரு பந்தைக் கொடுத்தாள். அதுவும் போனது.

சின்னவர் மேடையில் ஏறினார், நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பந்து தாழ்வாகக் காற்றுக்கு அடியில் புகுந்து போய், அந்தப் பக்கப் புல்தரையில் விழுந்து, கொடிக்குப் பக்கத்தில் நின்றது. அத்தனை வருஷத்தில் அந்தக் குழியில் அவள் பார்த்த மிக அழகான அடி அது.

"காத்து நின்னப்ப அடிச்சிட்ட" என்றார் பெரியவர். "இது கணக்கு இல்ல. திரும்ப அடி."

சின்னவர் சிரித்தார். ஏளனச் சிரிப்பில்லை அது, அடக்க முடியாமல் வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு. சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு பிளவைச் சுற்றிப் போகும் பாதையில் நடந்தார். மூன்று பேரும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது.

புல்தரைக்கு வந்ததும் சின்னவர் தன் பந்தை எடுக்கக் குனிந்தார். பெரியவர் பையிலிருந்து ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை உருவினார். அந்த இடத்தில் அந்த மட்டைக்கு வேலையே இல்லை. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தபோது, அவர் தோள் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"சின்ன சார்!"

அவர் பாதி நிமிர்ந்தார். தலைக்குக் குறி வைத்த அடி தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. இரண்டாவது அடி முழங்காலில். சின்னவர் சத்தம் போடக்கூட இல்லை. ஒற்றைக் காலில் தடுமாறிப் பின்னால் பின்னால் போய், பாறை விளிம்பில் கட்டியிருந்த கயிற்றில் முட்டி, அதோடு சேர்ந்து கீழே மறைந்துபோனார்.

"ஐயோ, அவர் உங்க தம்பி சார்!" என்று கத்தியபடி பையைக் கீழே போட்டுவிட்டு அவள் நடுவில் ஓடினாள்.

"நீ வாயை மூடு!" மூன்றாவது அடி அவளுக்கு. விலகினாள், ஆனாலும் மட்டையின் முனை காதைக் கிழித்துக்கொண்டு போனது. கழுத்தெல்லாம் சூடாக வழிந்தது. அவள் விளிம்பில் படுத்துக் கீழே பார்த்தாள்.

விளிம்புக்குக் கீழே, இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பாறைத் திட்டு உண்டு. குறைந்துபோன பந்துகள் சுவரில் மோதி வந்து விழும் இடம் அது. யாரும் இறங்க மாட்டார்கள். சின்னவர் அதில் கிடந்தார். கால் ஒன்று திட்டுக்கு வெளியே தொங்கியது. திட்டு கடல் பக்கம் சரிந்திருந்ததால், அவர் அசைய அசைய வழுக்கிக்கொண்டே இருந்தார்.

அவள் யோசிக்கவில்லை. பாறையின் வெடிப்பில் விரலைக் கொடுத்து இறங்கினாள். பாதியில் கை நழுவி மீதி தூரம் விழுந்தாள், நகம் பிய்ந்தது. எழுந்து சின்னவரின் பெல்ட்டைப் பிடித்துச் சுவரோடு இழுத்தாள். முறிந்த தோள் உரசியதும் அவர் மிருகம் மாதிரி அலறினார்.

"கத்துங்க சார், பரவாயில்ல. ஆனா அசையாதீங்க."

மேலே பெரியவரின் தலை தெரிந்தது. உதவிக்கு வருகிறார் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். முதலில் ஒரு மட்டை வந்தது. ஈட்டி எறிகிற மாதிரி எறிந்தார். பாறையில் பட்டுத் தெறித்துக் கடலுக்குள் போனது. அடுத்தது அவள் முதுகில் விழுந்தது. பை காலியாகும்வரை ஒவ்வொன்றாக வந்தது. பிறகு கொடிக்கம்பம், அதன் பிறகு கற்கள். புல்தரைக்குப் பின்னாலிருந்த கற்குவியலிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வந்து போட்டார். ஒரு கல் சின்னவரின் உச்சந்தலையைப் பிளந்தது. இன்னொன்று அவள் பாதத்தில் விழுந்தது. கீழே இருக்கும் சாட்சிகள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கக் கூடாது என்று அந்த மனிதர் முடிவு செய்துவிட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணா, வேண்டாண்ணா!" என்று சின்னவர் அழுதார். "இனிமே சிரிக்க மாட்டேன்!"

அதைக் கேட்டதும் அவளுக்குள் என்னவோ அறுந்தது. சாகக் கிடக்கும் நரைத்த மனிதர், அடி வாங்கிக்கொண்டே, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார். அவள் கையை ஊன்றி எழுந்தாள். கைக்கு அடியில் எதுவோ உருண்டது.

திட்டு முழுக்கப் பந்துகள். வருஷக்கணக்காகக் குறைந்துபோன பந்துகள், பாறை இடுக்கிலும் சுவரோரத்திலும் குவிந்து கிடந்தன. சில உப்பில் மஞ்சளாகியிருந்தன, சில புதுசு போல வெள்ளையாக இருந்தன.

அவள் எறிந்த முதல் பந்து காற்றில் போயிற்று. இரண்டாவது பெரியவரின் மார்பில் பட்டது. அவர் கையிலிருந்த கல் நழுவி அவர் காலிலேயே விழுந்தது. மூன்றாவது நெற்றியில். அவர் குனிந்து இன்னொரு கல்லை எடுத்தார். நான்காவது இடது கண்ணில் இறங்கியது.

அவர் ஓவென்று கத்திக்கொண்டு மண்டியிட்டார். விளிம்பிலேயே மண்டியிட்டார், நகரத் தெரியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. இனி அவரால் எதுவும் செய்ய முடியாது. அது அவளுக்குத் தெரிந்தது.

தெரிந்தும் எறிந்தாள். முகத்தை மூடிய கைகள் மேல் எறிந்தாள், தலையில் எறிந்தாள், காதில் எறிந்தாள். ஒவ்வொரு பந்தும் எலும்பில் பட்டு டக் டக்கென்று கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டு ஏதோ கத்திக்கொண்டிருந்தாள், என்ன கத்தினாள் என்று பின்னால் அவளுக்கே நினைவில்லை. குனிவதும் எடுப்பதும் எறிவதுமாக இருந்தவளின் கணுக்காலை ஒரு கை பிடித்தது.

"போதும்க்கா" என்றார் சின்னவர். அவளை அக்கா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "போதும். அது எங்கண்ணன்."

அவள் கையில் பந்தோடு நின்றாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு வந்தது அவள் கணவர்தான். மேட்டைத் தாண்டி வண்டியைப் புல்தரை மேலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே வண்டி ஏற்றினால் வேலை போய்விடும். முகமெல்லாம் ரத்தமாக எழுந்து நிற்க முயன்ற பெரியவரைப் பார்த்தார், விளிம்புக்குக் கீழே காது கிழிந்து உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"என்னங்க, மயங்கிடாதீங்க!" என்று அவள் கீழிருந்து கத்தினாள். "இப்ப மயங்கினா நாங்க செத்தோம்!"

"மயங்கல" என்றார். முகம் வெளுத்திருந்தது. பெரியவரைக் குப்புறத் தள்ளி விளிம்பிலிருந்து இழுத்து, அவர் முதுகு மேல் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்படியே போனை எடுத்துத் தடவித் தடவி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆட்கள் வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை. பெரியவர் அவருக்கு அடியில் மூச்சுத் திணறித் திட்டிக்கொண்டே இருந்தார்.

பெரியவரின் இடது கண் போய்விட்டது. சின்னவருக்குத் தோளும் முழங்காலும் நொறுங்கி, தலையில் தையல். அவளுக்குப் பாத எலும்பில் முறிவு, காதின் மேல் பாதி இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பெரியவர் புகார் கொடுத்தார். பை தூக்க வந்தவள் தம்பியின் கைக்கடிகாரத்துக்கு ஆசைப்பட்டு அவரை மட்டையால் அடித்துத் தள்ளினாளாம். தடுக்கப் போன அவரையும் அடித்துக் கண்ணைக் குருடாக்கினாளாம். அவளுடைய புருஷன் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து கொல்லப் பார்த்தானாம். சின்னவர் பக்கத்து வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, யார் கேட்டும் வாய் திறக்கவில்லை. அவருடைய மனைவி, மதினி, மகள் எல்லோரும் அவர் எதையும் சொல்லிவிடாதபடி அறைக்கு வெளியே காவல் இருந்தார்கள். கிளப் மேலாளர் பல்லக்காவின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, சீருடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வழக்கை விசாரித்த அதிகாரி ஒரு பெண், அதிகம் பேசாதவர். முதலில் பெரியவரைப் பார்க்கப் போனார். கட்டுக்கு மேலே நெற்றியில் ஒரு பெரிய காயம் கன்றிப்போயிருந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். கன்றிய தோலில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசை தப்பாமல் பதிந்திருந்தன. மறுநாள் ஒரு கோல்ஃப் பந்தோடு வந்தார். பந்தின் மேலிருக்கும் குழிகளும் நெற்றியிலிருந்த வட்டங்களும் ஒன்றேதான்.

"மட்டையால அடிச்சான்னு சொன்னீங்களே சார்?"

"மட்டையாலதான்."

"உங்க மட்டைங்க முக்காவாசி பாறைத் திட்டுல கிடந்துச்சு. கொடிக்கம்பமும் அங்கதான். அந்தப் பொம்பளை மேல நின்னு அடிச்சிருந்தா, அதெல்லாம் எப்படிக் கீழ போச்சு?"

பெரியவர் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்து அதிகாரி பல்லக்காவின் வீட்டுக்கு வந்தார். அவள் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதிகாரி உட்கார்ந்தார்.

"நீ சொன்னது அத்தனையும் சரியா இருக்கு. ஒண்ணைத் தவிர" என்றார். "அவரு புறங்கை ரெண்டும் ஒரே காயம். அப்படின்னா முகத்தை மூடிக்கிட்டு இருந்திருக்காரு. அப்பவும் எறிஞ்சிருக்க."

கணவர் குறுக்கே பாய்ந்தார். "மேடம், உயிருக்குப் பயந்து..."

"நீங்க கொஞ்சம் இருங்க."

"ஆமா மேடம்" என்றாள் பல்லக்கா. "எறிஞ்சேன்."

"ஏன்?"

"கை நிக்கல."

"பயத்துலயா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அதிகாரியின் முகம் அதற்கு இடம் கொடுத்த மாதிரிதான் இருந்தது. "பயம் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு மேடம்" என்றாள்.

வழக்கு நடந்தபோது பெரியவரின் வழக்கறிஞர் அவளைக் கூண்டில் நிறுத்தி, "நீ கேடிதானே?" என்று குரலை உயர்த்தினார். ஏதோ சினிமா வசனம் மாதிரி அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஆமாங்க, கிளப்புலயே அட்டை கொடுத்திருக்காங்க" என்றாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றுதான் சின்னவர் வாய் திறந்தார். சக்கர நாற்காலியில் வந்திருந்தார். வீட்டில் எல்லோரும் அழுது கெஞ்சியும் வந்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. தொழிற்சாலையில் விழுந்த அறையிலிருந்து ஆரம்பித்து, மட்டை, கல், கொடிக்கம்பம் வரை ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பெண் இறங்கி வந்திருக்காவிட்டால் நான் கடலில் போயிருப்பேன் என்றார். அவள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மீதியையும் சொன்னார். "அண்ணன் மண்டி போட்டப்புறமும் அவங்க நிறுத்தல. நான் காலைப் பிடிச்சப்புறம்தான் நிறுத்தினாங்க. எல்லாத்தையும் சொல்றேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், அதனால சொல்றேன்."

பெரியவருக்குச் சிறை கிடைத்தது. அவளுக்குத் தண்டனை இல்லை, ஆனால் இனி யாரையும் தாக்க மாட்டேன் என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடும்போது அவளுக்கு அவமானமாக இருந்தது. கூடவே, அப்படி ஒருத்தர் எழுதி வாங்கியது நல்லதென்றும் தோன்றியது.

கிளப் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உறுப்பினர்கள் பயப்படுகிறார்கள் என்றார் மேலாளர். "அவங்க பயப்படுறது எனக்கா, பதினாறுல இருக்கிற வாய்க்கா?" என்று கேட்டாள். புல்தரையில் வண்டி ஏற்றியதற்காக அவள் கணவரும் வெளியே வந்தார்.

இரண்டு பேரும் கடலில்லாத ஊரில் இன்னொரு மைதானத்தில் வேலை தேடிக்கொண்டார்கள். அது காட்டுக்குள் வெட்டிய மைதானம். காற்றே இல்லை. அங்கே ஆபத்து மரங்களில் இருந்தது. நெருக்கி நிற்கும் அடிமரங்களில் பட்ட பந்து எந்தத் திசையில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடித்தவர் முகத்துக்கே திரும்பி வந்ததும் உண்டு. பாதம் சரியாக ஆறாததால் அவளால் பை சுமக்க முடியவில்லை. ஆட்டக்காரர்களுக்கு முன்னால் போய் நின்று, பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துக் கொடி காட்டும் வேலை கொடுத்தார்கள். முதல் சில மாதங்கள் யாராவது மட்டையை ஓங்கினாலே அவள் உள்ளங்கை தானாக மூடிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து கணவரிடம், "எனக்குள்ள எங்கப்பா இருக்காருங்க" என்று சொன்னாள்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர். "ஸ்பேனரை மட்டும் நான் எடுத்து ஒளிச்சு வச்சிடறேன்."

அவள் சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். அவர் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு சின்னவர் அவளைப் பார்க்க வந்தார். கைத்தடி ஊன்றி நடந்தார். தொழிற்சாலை இப்போது அவர் கையில் இருந்தது. மரத்தடிப் பலகையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"சிறைக்குப் போய் அண்ணனைப் பார்த்துட்டு வரேன்" என்றார்.

"கண்ணு போனதுக்கு என்னைத் திட்டுவாரே."

"உன்னைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டான். நான் சிரிச்சதுக்குத்தான் இன்னும் திட்டுறான்."

அவள் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்ன சார், ஒண்ணு கேட்கணும். அன்னைக்கு என் காலைப் பிடிச்சீங்களே. அவர் மேல பாசத்துலயா?"

"பாசம்னு சொல்ல முடியாது. நீ அடிக்க அடிக்க எனக்கு உள்ளுக்குள்ள இனிச்சுது. இன்னும் ரெண்டு அடி போயிருந்தா, நானே பந்தைப் பொறுக்கி உன் கையில கொடுத்திருப்பேன். அதுக்குப் பயந்துதான் பிடிச்சேன்."

தூரத்து மேடையில் நான்கு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையை உயர்த்தி அசைத்தார். பல்லக்கா கொடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க அந்தப் பெரிய மரத்துக்குப் பின்னால போயிடுங்க" என்றாள். "இந்தக் கோஷ்டிக்கு நேரா அடிக்கவே வராது."

சின்னவர் தடியை ஊன்றி, சொன்ன இடத்துக்கு நகர்ந்தார். அவள் லேசாக விந்தியபடி இரண்டு மர வரிசைகளுக்கும் நடுவே நடந்துபோய், பந்து விழும் இடத்தைப் பார்த்து நின்றுகொண்டாள்.